அப்பத்தாவின் போனை யாரும் பார்க்கவில்லை

எங்கள் வீட்டில் மூன்று போன். என்னுடையது ஒன்று, அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகளுடையது ஒன்று, மாமியாருடையது ஒன்று. மகளின் போனை அவளுக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரின் போனை யாருமே பார்க்கவில்லை. ஓரத்தில் கண்ணாடி உடைந்து, செல்லோ டேப் ஒட்டி, பழனி முருகன் படம் வைத்திருந்த அந்தப் பழைய போனில்தான் 2024 நவம்பரில் 19 நாள் என் பிள்ளையை ஒருவன் மிரட்டிப் பணம் பறித்தான். மொத்தம் போனது 39,900 ரூபாய். அதில் நானே என் கையால் தூக்கிக் கொடுத்ததுதான் அதிகம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாகக் கிடந்து அல்லாடினேன். அப்போது யாராவது இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். நானே நிறையத் திட்டிக்கொண்டாயிற்று.

நாங்கள் இருப்பது சங்ககிரி. வீட்டுக்காரர் லாரி டிரைவர். நார்த் லைனுக்குப் போனால் திரும்ப இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப ராத்திரி ஏழரை. ஸ்கூலிலிருந்து நாலரைக்கு வரும் மகளுக்கும் எனக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்துக்கு அவளுக்குத் துணை அப்பத்தாதான். ஹோம்வொர்க் எல்லாம் வாட்ஸப் குரூப்பில் வருகிறது என்பதால் 2024 ஜூனில் அவளுக்கு ஒரு போன் வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கடையில் மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை செய்கிறவர்கள் சொல்லும் கதைகள் அப்படி. அந்த ஊரில் ஒரு பெண் போனில் பழகினவனோடு போய்விட்டாள், இந்த ஊரில் ஒரு பையன் கேமில் எண்பதாயிரம் தொலைத்தான் என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கதை தினமும் இருக்கும்.

ஆகஸ்ட் மாதம் யூடியூபில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பிள்ளையின் போனில் ஒரு ஆப்பைப் போட்டுவிட்டால் அவள் யாரோடு என்ன பேசுகிறாள், எங்கே இருக்கிறாள், என்ன டைப் அடிக்கிறாள் எல்லாம் நம் போனில் வந்துவிடும். அவளுக்குத் தெரியவே தெரியாது. மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய். அவள் குளிக்கப் போன நேரத்தில் போட்டேன். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப் கிடையாது. அவர்கள் அனுப்பும் லிங்கில்தான் இறக்க வேண்டும். முதல் வேலையாக ப்ளே ப்ரொடெக்ட்டை, அதாவது கெட்ட ஆப்களைப் பிடிக்கப் போனிலேயே இருக்கும் காவலை, அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டார்கள், கொடுத்தேன். கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவது போன்ற வேலைகளுக்காக வைத்திருக்கும் அனுமதி அது. அதைக் கொடுத்தால் திரையில் வருவதையெல்லாம் அந்த ஆப்பால் படிக்க முடியும். முகவரியே இல்லாத ஒரு கம்பெனிக்கு என் பெண்ணின் திரையை இருபத்திநாலு மணி நேரமும் படம் பிடிக்க நானே காசு கட்டினேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. இந்த மாதிரி வேவு ஆப்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களின் படமும் மெசேஜும் வெளியே கசிந்த கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஒரு ஆப் உங்களை ப்ளே ப்ரொடெக்ட்டை அணைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள், அது எதற்கான ஆப்பாக இருந்தாலும் சரி.

பார்க்க ஆரம்பித்தபின் விட முடியவில்லை. சீரியல் மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் திறப்பேன், கடையில் ரசீது எழுதும் இடைவெளியில் திறப்பேன். தப்பாக ஒன்றும் இல்லை. கணக்கு டீச்சரின் புடவை, யாரோ ஒருத்தியின் பொடுகு, பரீட்சை தேதி, அவ்வளவுதான். ஒரு நாள், "எங்கம்மா கத்த ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்கடி, நான் மனசுக்குள்ள ஏழாம் வாய்ப்பாடு சொல்லிட்டிருப்பேன்" என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி தட்டைக் கழுவவில்லை என்று சொல்லி அவளைக் கத்தினேன். தட்டுக்காகக் கத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் உள்ளுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று முகத்தையே பார்த்தபடி கத்தினேன்.

அதைவிடப் பெரிய தப்பு செப்டம்பரில். அவளுடைய தோழி ஒருத்தியின் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், அம்மாவும் பெண்ணும் யாருக்கும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் என் மகளிடம் மட்டும் அழுது எழுதியிருந்தாள். அதைப் படித்த மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மனசு கேட்காமல், "வீட்டுல எல்லாம் பரவால்லீங்களா, தகிரியமா இருங்க" என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. மறுநாள் அந்தப் பெண் என் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நம் பிள்ளையின் போனைத் திறந்தால் அதற்குள் ஊரான் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை.

என் மகள் முட்டாள் இல்லை. போன் கொதிக்கிறது, காலையில் நூறு இருக்கும் சார்ஜ் மத்தியானம் முடிகிறது. கூடவே அம்மாவுக்கு எப்படியோ தோழியின் ரகசியம் தெரிகிறது. வகுப்பில் இன்னொரு பெண்ணின் அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனிடம் காட்டியிருக்கிறாள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பட்டியலைத் திறந்து "சிஸ்டம் சர்வீஸ்" என்று பொய்ப் பெயரில் உட்கார்ந்திருந்ததை இரண்டு நிமிஷத்தில் காட்டிவிட்டான். அவள் அதை நீக்கவில்லை. என்னிடம் சண்டையும் போடவில்லை. தன் போனில் படிப்புச் சமாசாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் அப்பத்தாவின் போனுக்கு மாற்றிவிட்டாள். அக்டோபர் முழுக்க நான் அந்தச் சுத்தமான போனைப் பார்த்து, "பாரு, எம்புள்ள தங்கம்" என்று பூரித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தாவுக்கு ராத்திரியானால் கால் பிடித்துவிடுகிறேன் என்று அவள் அந்த ரூமுக்கே போவாள். பாட்டி மேல் என்ன பாசம் என்று வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அப்பத்தாவின் போனில்தான் ரீல்ஸ் போடும் ஆப்பில் ஒரு கணக்குத் திறந்திருக்கிறாள். மெஹந்தி டிசைன் போடும் ஒரு பெண், கோயம்புத்தூரில் பத்தாவது படிப்பதாகச் சொல்லி, மூன்று வாரம் பேசியிருக்கிறது. பெண்ணே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. என் மகள் தன் போட்டோ எதையும் அனுப்பவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "எம்புள்ள அப்படியெல்லாம் போட்டோ அனுப்பமாட்டா" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனுக்கு அவள் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. நான் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தேன்.

2023 மே மாதம் அவளுக்குத் தெரட்டி சீர், அதாவது மஞ்சள் நீராட்டு விழா, செய்தோம். மண்டப வாசலில் பதினாறு அடிக்கு ஃபிளெக்ஸ், அதில் முழு அலங்காரத்தில் அவள் படம், கீழே எங்கள் பெயர், தாய்மாமன் பெயர், ஊர். ஃபேஸ்புக்கில் 64 படங்கள் போட்டேன், எல்லாரும் பார்க்கும்படி. யார் யார் வந்தார்கள் என்று டேக் செய்தேன். போட்டோ ஸ்டுடியோக்காரரும் தங்கள் பக்கத்தில் மாதிரிக்கு நான்கு படம் போட்டுக்கொண்டார். "வேண்டாம்மா, ஸ்கூல்ல ஓட்டுவாங்க" என்று அவள் அன்றே அழுதாள். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதானே என்று அதட்டினேன். அவன் என் மகளின் பெயரை வைத்துத் தேடி, என் பக்கத்துக்கு வந்து, அந்த ஆல்பத்திலிருந்து முகத்தை எடுத்து, ஏதோ ஆப்பில் போட்டு அசிங்கமான படமாக மாற்றிவிட்டான். நவம்பர் 2-ம் தேதி, தீபாவளி கழிந்த சனிக்கிழமை, அதை அவளுக்கே அனுப்பியிருக்கிறான். கூடவே அவளுடைய ஃபாலோயர் பட்டியலும், ஸ்கூல் பெயரும். இரண்டாயிரம் அனுப்பு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் போகும்.

அப்பத்தாவின் கணக்கில் பணம் இருந்தது. மகன் தீபாவளிக்குப் போட்டது, முதியோர் உதவித்தொகை மிச்சம். அந்தப் போனில் ஜிபே வைத்துக்கொடுத்து, மறந்துவிடும் என்று பின் நம்பர் போட்டுக்கொடுத்ததும் என் மகள்தான். 2,000, மறுபடி 2,000, 1,500, 3,000, 3,000, 2,500, 2,500. ஏழு தடவை. 16,500 ரூபாய். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்றிருக்கிறான். பணம் கொடுத்தால் போய்விடமாட்டான், கொடுக்கிற இடம் என்று தெரிந்துகொள்வான். இதைப் பெரியவர்களுக்கே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது, பதினாலு வயதுக்கு எப்படித் தெரியும்.

அந்த நாட்களில் அவளுக்குக் காலையில் வயிற்று வலி வந்துகொண்டே இருந்தது. டாக்டரிடம் போய் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தலை வாரும்போது கொத்தாக முடி வந்தது, தண்ணீர் சரியில்லை என்று சொன்னேன். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. என் பார்வை மட்டும் அவள் போனில் இருந்தது.

நவம்பர் 21 காலை. முந்தின நாள் அப்பத்தா பிரஷர் மாத்திரைக்குப் பணம் எடுக்க பேங்க்குக்குப் போய், பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்திருந்தார். 18,140 இருக்க வேண்டிய இடத்தில் 1,640. நேராக என்னைப் பார்த்து, "எம்மவன் வேர்வை சிந்திப் போட்ட காசு, கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டனா" என்றார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என் மாமியார் என்னைத் திருடி என்றார். ரோஷத்தில் அந்தப் போனை வாங்கித் திறந்தேன். எல்லாம் அதில் இருந்தது. மகள் யூனிஃபார்மில் ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளை அடித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அடித்தேன். "ஏண்டி எங்கிட்ட சொல்லல" என்று கத்தினேன். அவள் அழவில்லை. ஒரு கால் ஷூவோடு உட்கார்ந்தபடி, "நீதான் எல்லாத்தயும் பாக்கறயேம்மா. இதயும் பாத்திருப்பேன்னு நெனச்சேன். பாத்துட்டுத்தான் ஒண்ணும் சொல்லாம இருக்கறேன்னு நெனச்சேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே தப்பு, வரிசையாகச் சொல்கிறேன். முதலில், பதறிப்போய் அந்தக் கணக்கையும் சாட்டையும் மொத்தமாக அழித்தேன். சாட்சி போனது. செய்திருக்க வேண்டியது: அவனுக்குப் பதில் போடுவதையும் பணம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டு, மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, அவனுடைய ப்ரொஃபைல் லிங்கைக் காப்பி செய்து வைப்பது, ஏனென்றால் பெயரை அவன் நிமிஷத்தில் மாற்றிவிடுவான், ஒவ்வொரு யுபிஐ பணத்துக்கும் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்து வைப்பது, அதற்கப்புறம் பிளாக் செய்வது. இரண்டாவது தப்பு, அந்தப் படங்களில் ஒன்றை என் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பி என்ன செய்வதென்று கேட்டேன். அதை அனுப்பியதே குற்றம் என்று எனக்குத் தெரியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மாற்றி உருவாக்கிய படமாக இருந்தாலும் குழந்தையைக் காட்டுவதுபோலத் தெரிந்தால் அதுவும் குழந்தை ஆபாசப் படத்தில் சேரும். 2024 செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இப்படிப்பட்டதை அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், சொந்தத் தம்பியாக இருந்தாலும். சாட்சிக்கு என்று மாதக்கணக்கில் வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். உடனே புகார் கொடுங்கள், படத்தை என்ன செய்வது என்று போலீஸ் சொல்லும்.

மூன்றாவது தப்பு எல்லாவற்றையும்விடக் கேவலமானது. வீட்டுக்காரர் ராஜஸ்தானில் இருந்தார். வண்டி ஓட்டும் மனுஷனிடம் இதைச் சொன்னால் ரோட்டில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து மறைத்தேன். போலீஸ் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு யார் கட்டிப்பான் என்கிற புத்தி. ராத்திரி ஒரு மணிக்கு, இன்டர்நெட்டிலிருந்து போட்டோவை அழிப்பது எப்படி என்று தேடினேன். ஒரு "சைபர் எக்ஸ்பர்ட்" வாட்ஸப் நம்பர் கிடைத்தது. தமிழில், அக்கா அக்கா என்று, அவ்வளவு இதமாகப் பேசினான். 12,000 வாங்கினான். நான்கு நாள் கழித்து, சர்வரில் மூன்று காப்பி இருக்கிறது என்று இன்னும் 6,000. அதையும் 25-ம் தேதி காலையில் போட்டேன். சாயங்காலம், "போலீசுக்குப் போனா படம் இன்னும் பரவும் அக்கா, நாளைக்கு ஒரு பத்து ரெடி பண்ணுங்க" என்றான். அந்த "ரெடி பண்ணுங்க" என்ற இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாம் தடவை ஏமாற்றுவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. இணையத்தில் போன படத்தைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவனை நம்பாதீர்கள்.

மறுபடி நெட்டில் தேடப் பயமாக இருந்தது. அன்று மதியம் மாமியாரின் கணக்கு விவரம் வாங்க பேங்க்குக்குப் போனபோது கண்ணாடிக் கதவில் 1930 என்று ஒரு ஸ்டிக்கர் பார்த்திருந்தேன். அந்தக் கதவை எத்தனை தடவை தள்ளித் திறந்திருக்கிறேன், படித்ததில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அடித்தேன். சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய எண் அது. எந்த பேங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அந்த 12 இலக்க எண் என்ன என்று கேட்டார்கள். அழுகிறேன் என்று அவசரப்படுத்தவில்லை. அன்று காலையில் போட்ட 6,000 மட்டும் எதிர்க் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு முந்தையது எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் கை மாறிப் போய்விட்டது. மணிக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது, நாள் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தால் பணம் நிற்காது. அந்த ஆறாயிரத்தையும் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் எடுக்க முடிந்தது, ஐந்து மாதம் ஆனது. புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் பதிய வேண்டும். அங்கே பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

நான் நடுங்கிக்கொண்டிருந்த போலீஸ் விசாரணை எங்கள் வீட்டு ஹாலில், டீ டம்ளரோடு நடந்தது. ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர், சுடிதாரில் வந்தார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, கடையில் கூட வேலை செய்கிறவர் என்றேன், நம்பினார்கள். யூனிஃபார்ம் போடாமல் வந்ததற்கு நான் நன்றி சொன்னபோது, "சட்டத்துலயே அப்படித்தாங்க இருக்கு" என்றார். போக்சோ 24-வது பிரிவு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த எக்ஸ்பர்ட்டுக்கு 18,000 போயிருக்காது. தம்பிக்குப் படம் அனுப்பியதற்கு அவர் என்னை விட்ட டோஸ் தனி.

அவன் சொன்னபடியே இரண்டு பெண்களுக்குப் படத்தை அனுப்பியிருந்தான். ஒருத்தி அவள் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா எனக்கு அடித்து, "எம்பொண்ணு அழிச்சுட்டா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். இன்னொருத்தி, பஸ் ஸ்டாண்டு விஷயத்துக்குப் பிறகு என் மகளோடு பேசாமல் இருந்தாளே, அவளே. நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பின்னால் தெரிந்துகொண்ட இன்னொன்று, "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை. அமெரிக்காவில் காணாமல்போன, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான மையம் 2023-லிருந்து நடத்துகிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த, அல்லது மாற்றிய படம் என்றால் எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் உண்டாக்கி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் தங்கள் இடத்தில் அதைத் தேடி நீக்குவார்கள். வாட்ஸப் மாதிரி பூட்டிய சாட்டுக்குள் அது எட்டாது. அப்பத்தா போன் கேலரியில் மிச்சமிருந்த ஒன்றை வைத்து என் மகளே அதைச் செய்தாள். தானே ஒன்று செய்தோம் என்பதில் அவளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு இறங்கியது. இப்படி ஆனபின் பிள்ளைக்கு மனசு விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 1098 இருக்கிறது, எந்த நேரமும் அடிக்கலாம், பிள்ளையே நேராக அடிக்கலாம்.

வேவு ஆப்பை அவள் முன்னால் உட்கார்ந்து நீக்கினேன். "என்னெல்லாம் படிச்ச" என்று கேட்டாள். சொன்னேன், வாய்ப்பாட்டையும் சேர்த்து. ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அது உனக்கு எழுதுனது இல்லம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறொருவருக்கு வந்த தபாலைத் தப்பாகப் பிரித்துவிட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வாரம் ஃபேஸ்புக்கில் 64 படத்தையும் ஒவ்வொன்றாக அவளோடு உட்கார்ந்து நீக்கினேன், ஸ்டுடியோக்காரரிடம் மூன்று தடவை நடந்து அவர் பக்கத்திலிருந்தும் எடுக்க வைத்தேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குள் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் கசியவிட்டதே பெற்றோர்தான்.

இப்போது எப்படி இருக்கிறோம் என்றால், கண்காணிப்பு அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது, வெளியே இருப்பவன் முப்பது வயது ஆள். முழுசாக விட்டுவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பார்ப்பது எதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இன்ஸ்டாகிராமில் 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டிலும் டீன் அக்கவுண்ட் வந்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் போட முடியாது, பதினாறு வயதுக்குக் கீழே அதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதிலுள்ள பெற்றோர் மேற்பார்வையில் நானும் அவளும் சேர்ந்துகொண்டால் கடந்த ஏழு நாளில் யாரோடு பேசினாள் என்ற பெயர்கள் எனக்குத் தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. எங்களுக்கு அந்த அளவு சரியாக இருக்கிறது. நிஜமான பிறந்த தேதியைப் போட்டால்தான் இது வேலை செய்யும், பிள்ளைகள் வருஷத்தைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், பாருங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மூன்று போனும் அடுப்படியில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போய்விடும், என்னுடையதும் சேர்த்து. முதல் பத்து நாள் எனக்குத்தான் கை நடுங்கியது. அப்பத்தாவின் ஜிபே பின்னை மாற்றி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் வைத்தாயிற்று. வீட்டில் இருக்கும் பழைய போன், டேப், பாட்டி தாத்தா போன் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் பூட்டிய கதவோடு சண்டை போடமாட்டார்கள், திறந்த கதவு எங்கே என்று பார்ப்பார்கள்.

பாஸ்வேர்டுக்கு ஒரு ஏற்பாடு, அவளே சொன்னது. ஒரு சீட்டில் எழுதி, மடித்து, காலிக் குங்குமச் சிமிழில் போட்டு, சாமி ரூமில் வைத்திருக்கிறாள். அவள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் திறக்கலாம். திறந்தால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இரண்டு தடவை அந்தச் சிமிழைக் கையில் எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் வண்டி ஊருக்கு வந்து, அவர் குளித்துச் சாப்பிட்ட பிறகு சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அப்பத்தாவிடம், "அம்மா, அவ எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மாமியார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தார்.

கடைசியாக ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம். ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால், விவரம் எழுத முடியாவிட்டால், "அப்பத்தாவுக்கு மாத்திரை தீந்துபோச்சு" என்று எனக்கு ஒரு மெசேஜ். அது வந்தால் நான் கிளம்பி வர வேண்டும், வந்ததும் முதல் பத்து நிமிஷம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. போன மார்ச் மாதம், வருஷக் கணக்கு முடிக்கும் நேரம், கடையில் தலைக்கு மேல் வேலை, மூன்று மணிக்கு அந்த மெசேஜ் வந்தது. முதலாளியிடம் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் 700 ரூபாய் கொடுத்துக் கார் பிடித்தேன். வழி முழுக்க, கத்தக்கூடாது, கேட்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்கே ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். மகள் திண்டில் சாய்ந்து சயின்ஸ் புக் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு மூன்று நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திர வாங்கலயாம்மா?" என்றாள். உள்ளிருந்து அப்பத்தா காலி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

இப்போது வேறு வார்த்தை வைத்திருக்கிறோம்.